நான்காவது கம்பேரட்டர்

எல்.எம்.339 சிப்புக்குள் நான்கு கம்பேரட்டர்கள் இருக்கின்றன. சுற்றுக்குத் தேவைப்படுவதோ பல சமயம் மூன்றுதான். மிஞ்சிய ஒன்றின் மூன்று கால்களை என்ன செய்வது என்பது பெரும்பாலும் பலகை வரைந்து முடிகிற நேரத்தில், அதிகம் யோசிக்காமல் தீர்க்கப்படுகிற கேள்வி. சிலர் அந்தக் கால்களைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் இரண்டு உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டுகிறார்கள். ஆப்-ஆம்புக்குச் செய்து பழகியவர்கள் வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு இணைத்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர்களின் ஆவணங்களைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்தால், அங்கேயும் முரண்தான். நேஷனல் செமிகண்டக்டரின் 339 டேட்டாஷீட், பயன்படுத்தாத கம்பேரட்டரின் கால்களைக் கிரவுண்டில் கட்டச் சொன்னது. 2011இல் அந்த நிறுவனத்தை வாங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிற்காலத்தில் வெளியிட்ட குறிப்புகள், இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகக் கட்டவே கூடாது, அவற்றுக்கிடையே குறைந்தது 50 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டில் ஒன்று தவறு என்று முடிவு கட்டுவது எளிது. என் வாதம் வேறு: இரண்டும் தத்தம் இடத்தில் சரி, இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கு எழுதப்பட்ட மருந்துகள். எல்லாச் சிப்புக்கும் பொருந்தும் ஒரே கம்பி இணைப்பு இல்லை. எல்லாச் சிப்புக்கும் பொருந்தும் ஒரே நிபந்தனை உண்டு: அந்தக் கம்பேரட்டர் தீர்மானிக்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாத கம்பேரட்டர் என்று நாம் சொல்வது வடிவமைப்பாளரின் பார்வையில் மட்டுமே உண்மை. சிலிக்கனைப் பொறுத்தவரை அப்படி ஒன்று கிடையாது. நான்கு கம்பேரட்டர்களுக்கும் மின்சாரம் ஒரே காலில் வருகிறது. உள்ளே அவற்றின் இயக்க மின்னோட்டங்களை அமைக்கும் பகுதியும் பொதுவானது. சிப் உயிர் பெற்ற கணத்திலிருந்து நான்காவதும் தன் இரண்டு உள்ளீடுகளை ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது, யாரும் விடையைக் கேட்காவிட்டாலும். அதன் பெருக்கத் திறன் சாதாரணமானதல்ல. 339இன் வழக்கமான மதிப்பு ஒரு மில்லிவோல்ட்டுக்கு 200 வோல்ட், அதாவது இரண்டு லட்சம் மடங்கு. 5 வோல்ட் வெளியீடு முழுவதும் ஏறி இறங்க உள்ளீட்டில் 25 மைக்ரோவோல்ட் மாற்றமே போதும். இப்படிப்பட்ட ஒன்றை “சும்மா இருக்கிறது” என்று நம்புவதில்தான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

உள்ளீடுகளை மிதக்க விடுவது எந்தத் தலைமுறைச் சிப்புக்கும் தவறு. இதில் விவாதம் அதிகம் தேவையில்லை, காரணம் மட்டும் சிப்புக்குச் சிப்பு மாறும். 339, அதன் இரட்டை வடிவமான 393 ஆகிய வகையில் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் பி.என்.பி. என்பதால் பயாஸ் மின்னோட்டம், வழக்கமாக 25 நானோஆம்பியர், உள்ளீட்டிலிருந்து வெளியே பாய்கிறது. போக வழியில்லாத அந்த மின்னோட்டம் காலின் மின்னழுத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே போகும். இரண்டு கால்களும் மிதந்தால் இரண்டுமே அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். அந்த இடத்தில் எது பெரியது என்ற கேள்விக்கே பொருளில்லை. சிமாஸ் உள்ளீடு என்றால் பயாஸ் மின்னோட்டம் பிகோஆம்பியர் அளவில்தான். அங்கே கால் ஓர் ஆண்டெனா. பக்கத்துத் தடத்தில் ஓடும் கடிகாரத் துடிப்பு, சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ், பலகையின் மேல் வைக்கப்பட்ட விரல், எல்லாம் அதற்கு உள்ளீடுகள்தாம்.

ஆப்-ஆம்ப் வழக்கத்தை இங்கே கொண்டுவருவது இதைவிட நயமான தவறு. பயன்படாத ஆப்-ஆம்புக்கு நல்ல வழி, வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு சேர்த்து, பிளஸ் உள்ளீட்டை வரம்புக்குள் ஒரு மின்னழுத்தத்தில் நிறுத்துவது. அப்போது ஆப்-ஆம்ப் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்கிறது. அது சாத்தியமாவதற்குக் காரணம், பின்னூட்டம் கொடுத்தாலும் அலைபாயாதபடி அதற்குள் ஈடுசெய்யும் மின்தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கம்பேரட்டரில் அது கிடையாது. வேகம் வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விடப்பட்டது. எனவே அதே இணைப்பு கம்பேரட்டரில் ஓர் ஆசிலேட்டரையே உருவாக்கும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே முக்கோணம் போடுகிறோம். ஆப்-ஆம்பான 324உம் கம்பேரட்டரான 339உம் ஒரே 14 கால் உடலில் வருகின்றன. கண் ஏமாறுவதில் வியப்பில்லை.

இனி அந்தப் பழைய அறிவுரைக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் 339 வந்தபோது அதன் பயனர்களை வாட்டிய பிரச்சினை, வெளியீடு நிலை மாறும் தறுவாயில் எழும் அலைவு. டேட்டாஷீட்டின் பயன்பாட்டுக் குறிப்பு இதைத் தெளிவாகவே விளக்குகிறது: வெளியீட்டுத் தடத்துக்கும் உள்ளீட்டுத் தடத்துக்கும் இடையே தற்செயலாக அமையும் சிறு மின்தேக்கம் வழியாக மாற்றம் திரும்பி வருகிறது, உள்ளீட்டு மின்தடைகளை 10 கிலோஓமுக்குக் கீழே வைத்தால் குறையும், 1 முதல் 10 மில்லிவோல்ட் ஹிஸ்டெரிசிஸ் சேர்த்தால் நிற்கும். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டச் சொன்னது முழுக்க நியாயம். நேராகக் கிரவுண்டில் கட்டிய காலுக்குள் எந்தத் தற்செயல் மின்தேக்கமும் குறிப்பிடத்தக்க மின்னழுத்தத்தை நுழைக்க முடியாது. பின்னூட்டப் பாதை அங்கேயே அடைபடுகிறது. 339இன் உள்ளீட்டு வரம்பு கிரவுண்டையும் உள்ளடக்கியது என்பதால் வரம்பு மீறலும் இல்லை. வெளியீடு ஓப்பன் கலெக்டர் என்பதால் அதையும் சேர்த்துக் கிரவுண்டில் கட்டலாம், எந்தச் சண்டையும் வராது. மூன்று கால், ஒரே கம்பி, ஒரே வாக்கியத்தில் அறிவுரை. பொறியியல் ஆவணம் ஒன்று இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது.

ஆனால் வெளியிலிருந்து வரும் பின்னூட்டத்தைத் தடுத்தாலும், உள்ளேயே பிறக்கும் இரைச்சலைக் கிரவுண்டு கம்பியால் தடுக்க முடியாது. இரண்டு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது முடிவெடுப்பது யார்? சிப்பின் ஆஃப்செட் மின்னழுத்தம். உற்பத்தியின்போது இரண்டு உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களுக்கிடையே நேர்ந்த சிறு பொருத்தமின்மைதான் அந்த ஆஃப்செட். 339க்கு வழக்கமாக 2 மில்லிவோல்ட், அதிகபட்சம் 5 என்று போட்டிருப்பார்கள். அந்த அளவு ஆஃப்செட் இருந்தால் கம்பேரட்டர் உறுதியாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இரைச்சல் அதை அசைக்காது. ஆஃப்செட் தற்செயலாகப் பூஜ்யத்தை ஒட்டி அமைந்துவிட்ட சிப்பில் நிலைமை தலைகீழ். காலித் தட்டுகளோடு காற்றோட்டத்தில் வைத்த நகைக்கடைத் தராசின் முள்ளைப் போல, வெளியீடு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். நிலை மாறும் கணத்தில் மட்டும் வரும் ஆபத்து என்று பழைய குறிப்பு எதைச் சொன்னதோ, அந்தக் கணத்திலேயே இந்தக் கம்பேரட்டர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

இது எத்தனை சிப்புகளுக்கு நேரும்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆஃப்செட் கூட்டல் 2க்கும் கழித்தல் 2க்கும் இடையே சீராகப் பரவியிருப்பதாகவும், பூஜ்யத்தின் இருபுறமும் 50 மைக்ரோவோல்ட் ஆபத்துப் பகுதி என்றும் வைத்துக்கொள்வோம். 4 மில்லிவோல்ட் அகலத்தில் 0.1 மில்லிவோல்ட், அதாவது நாற்பதில் ஒன்று. உண்மையான பரவல் சீராக இருக்காது, நடுவில் கூடுதலாகக் குவியும். ஆகவே விகிதம் இதைவிடக் கூடலாம். இப்போது இதே குடும்பத்தின் புதிய பி வகையைப் பாருங்கள். எல்.எம்.393பி-யின் வழக்கமான ஆஃப்செட் 0.37 மில்லிவோல்ட். அதே கணக்கைப் பரவல் இருபுறமும் 0.4 மில்லிவோல்ட் என்று வைத்துத் திரும்பப் போட்டால் எட்டில் ஒன்று வருகிறது. சிப் தரம் உயர உயர, பழைய பழக்கம் மோசமாகிக்கொண்டே போகிறது. பழைய சிப்பைக் காப்பாற்றியது அதன் குறைபாடு. அந்தக் குறையை நீக்கியவர்கள் அறிவுரையையும் மாற்றி எழுத வேண்டி வந்தது என்பதுதான் இரண்டு ஆவணங்களுக்கும் இடையிலான முரணின் வரலாறு என்று நான் நினைக்கிறேன்.

இங்கே எழக்கூடிய மறுப்பு வலுவானது. எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ பலகைகளில் இரண்டு உள்ளீடுகளையும் கிரவுண்டில்தான் கட்டியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே? உண்மை, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த நிம்மதி எங்கே முடிகிறது என்று தெரியும். மேலே பார்த்தபடி பெரும்பான்மைச் சிப்புகளை ஆஃப்செட் காப்பாற்றுகிறது. காப்பாற்றாத சிப்பிலும், 339இன் வெளியீட்டில் புல்-அப் மின்தடை இல்லாவிட்டால் கடைசி டிரான்சிஸ்டர் திறந்தாலும் மூடினாலும் காலில் ஓட மின்னோட்டமே இல்லை. சத்தம் உள்ளேயே அடங்கிவிடுகிறது. இன்னொன்று, ஆட்டம் நடந்தாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆசிலாஸ்கோப் முனையை அந்தக் காலில் வைத்துப் பார்த்துவிட்டு அமைதியாக இருக்கிறது என்று சொல்பவர், மேலே இழுக்க எதுவுமில்லாத ஓப்பன் கலெக்டர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் திரையில் ஏறக்குறைய ஒரே கோடுதான் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார். ஆக, அனுபவம் சொல்வது “339க்கு, வெளியீடு திறந்திருக்கும்போது, இது பொறுத்துக்கொள்ளக்கூடியது” என்பதை மட்டுமே. அதற்கு மேல் நீட்டினால் அனுபவம் சாட்சியாகாது.

நீட்டக்கூடாத இடங்களில் முதன்மையானது புஷ்-புல் வெளியீடு. அங்கே மேலே ஒரு டிரான்சிஸ்டரும் கீழே ஒன்றும் மாறி மாறி வேலை செய்கின்றன. நிலை மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒரு கணம் சேர்ந்தே திறந்து, மின்வழங்கியிலிருந்து கிரவுண்டுக்கு நேராக ஒரு மின்னோட்டத் துடிப்பை விடுகின்றன. யாரும் இணைக்காத காலாக இருந்தாலும் இது நிற்காது. டி.எல்.வி.3501 போன்ற, சில நானோவினாடிகளில் முடிவெடுக்கும் கம்பேரட்டர்களின் வேகத்தில் அந்தத் துடிப்புகள் பக்கத்து அனலாக் சுற்றை எட்டிவிடும். நல்லவேளையாக அந்த ரகத்தில் பலவற்றுக்கு உள்ளேயே சில மில்லிவோல்ட் ஹிஸ்டெரிசிஸ் கட்டப்பட்டிருக்கிறது. 3501க்கு 6 மில்லிவோல்ட். அவற்றில் உள்ளீடுகளை ஒன்றாகக் கட்டினாலும் இரைச்சல் அந்த வேலியைத் தாண்டாது. எந்தப் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே தவிர, நிற்கும். ஆகவே புதிய அறிவுரையும் எல்லாச் சிப்புக்கும் சமமான அவசரத்தோடு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டரிக் கருவிகளில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. டி.எல்.வி.3704 போன்ற நான்கு கம்பேரட்டர் சிப்பில் ஒவ்வொன்றும் எடுப்பது 560 நானோஆம்பியர். அதில் மீந்து நிற்கும் ஒன்று 10 பிகோஃபாரட் மின்தேக்கத்தை 3 வோல்ட்டில் நொடிக்குப் பத்தாயிரம் முறை நிரப்பிக் காலி செய்தால், அதற்கு மட்டும் 300 நானோஆம்பியர். பயன்படாத ஒன்று, பயன்படும் ஒன்றின் செலவில் பாதிக்கு மேல் தின்கிறது. நானோஆம்பியர் கணக்குப் பார்த்து அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது சிறிய தொகையல்ல.

அப்படியானால் என்ன செய்வது? ஓர் உள்ளீட்டைக் கிரவுண்டிலும் மற்றதை அதைவிடத் தெளிவாக உயர்ந்த ஒரு மின்னழுத்தத்திலும் வைப்பது. ஆஃப்செட்டும் இரைச்சலும் சேர்ந்தாலும் எட்ட முடியாத இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். 50 மில்லிவோல்ட் என்ற எண் அந்த அச்சத்திலிருந்து பிறந்தது. பலகையில் ஏற்கெனவே ஒரு குறிப்பு மின்னழுத்தம் இருந்தால் அதுவே போதும். 339, 393 இரண்டிலும் நேராக மின்வழங்கிக் காலிலேயே கட்டிவிடலாம். பொது உள்ளீட்டு வரம்பு மின்வழங்கிக்கு 1.5 வோல்ட் கீழேயே முடிந்துவிடுகிறதே, இது விதிமீறல் இல்லையா என்று கேட்கலாம். இல்லை, இரண்டில் ஓர் உள்ளீடு வரம்புக்குள் இருக்கும்வரை மற்றது மின்வழங்கியைத் தாண்டினாலும் விடை சரியாகவே இருக்கும் என்று அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டே உறுதி கூறுகிறது. இந்தச் சலுகையை எல்லாச் சிப்பும் தராது. சில வேகமான கம்பேரட்டர்களில் இரு உள்ளீடுகளுக்கும் இடையே அனுமதிக்கப்படும் வேறுபாடு சில வோல்ட்தான். சிலவற்றில் உள்ளீடுகளுக்கு நடுவே எதிரெதிராக டையோடுகள் இருக்கும். அங்கே ஒன்றைக் கிரவுண்டிலும் மற்றதை மின்வழங்கியிலும் நேராகக் கட்டினால் டையோடு வழியாக மின்னோட்டம் பாயும். இந்த இடங்களில் மின்தடைப் பிரிப்பான் ஒன்றால் ஒரு சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குவதோ, குறைந்தபட்சம் 10 கிலோஓம் ஒன்றைத் தொடரில் வைப்பதோ நல்லது. சிமாஸ் சிப்புக்கு, அதன் மின்வழங்கியைவிட முன்னதாக உயிர் பெறும் வேறொரு மின்தடத்தில் உள்ளீட்டைக் கட்டுவதும் வம்பு: பாதுகாப்பு டையோடு வழியாகச் சிப் பின்வாசலில் மின்சாரம் பெறும்.

கிரவுண்டுக்குக் கீழே போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய கம்பேரட்டர் மற்ற மூன்றையும் கெடுக்க முடியும் என்பதற்கு இதுவே நல்ல சான்று. 339இன் எந்த உள்ளீடும் கிரவுண்டுக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உள்ளே சிலிக்கன் அடித்தளத்தில் வேண்டாத ஓர் என்.பி.என். டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்கிறது, அது நீடிக்கும்வரை மற்றக் கம்பேரட்டர்களின் வெளியீடுகளும் தவறான நிலைக்குப் போகலாம். மிதக்கும் காலில் நீண்ட தடம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், பக்கத்து மோட்டார் கம்பியின் ஒரு கூர்மையான துடிப்பே இதற்குப் போதும். பழுது பார்ப்பவர் வேலை செய்யும் மூன்று கம்பேரட்டர்களையும் மாற்றி மாற்றிச் சோதிப்பார்; குற்றவாளி வரைபடத்தில் வரையப்படாத நான்காவது. இதே பாடத்தை ஒற்றைக் கம்பேரட்டரான எல்.எம்.311உம் கற்பிக்கிறது. அதன் 5, 6ஆம் கால்கள் ஆஃப்செட் சரிசெய்ய வைக்கப்பட்டவை; பயன்படுத்தாமல் விட்டால் அவை கூடுதல் உள்ளீடுகளாகவே நடந்துகொள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது அதன் டேட்டாஷீட்.

நடைமுறையில் இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாகக் கட்டப்படுவதற்கு, கொள்கையைவிடப் பலகையின் நெருக்கடியே காரணம் என்பது என் எண்ணம். கிரவுண்டு எங்கும் கிடைக்கிறது. மின்வழங்கித் தடத்தை அங்கே இழுத்து வருவது தொல்லை. ஆனால் எந்தக் கம்பேரட்டரை மிச்சம் விடுவது என்பதும் வடிவமைப்பாளர் கையில்தான் இருக்கிறது. 339இல் மின்வழங்கி 3ஆம் கால். அதற்கு அடுத்த 4ஆம் கால் முதல் கம்பேரட்டரின் மைனஸ் உள்ளீடு, 5 அதன் பிளஸ். முதலாவதை மிச்சம் விட்டால் 4ஐ 3உடன் ஒரு சிறு தடத்தால் சேர்த்து, 5ஐக் கிரவுண்டுத் தளத்தில் இறக்கிவிடலாம். மைனஸ் உயர்ந்து பிளஸ் தாழ்ந்திருப்பதால் வெளியீடு கீழ்நிலையில் நிற்கும். ஓப்பன் கலெக்டரில் அதை அப்படியே விடலாம், கிரவுண்டில் கட்டினாலும் குற்றமில்லை. புஷ்-புல் வெளியீட்டை மட்டும் எதனோடும் கட்டக் கூடாது. புல்-அப் மின்தடை போடுவது வீண். கீழ்நிலையில் நிற்கும் வெளியீட்டுக்கு அது தொடர்ந்து மின்னோட்டத்தைக் கொட்டும்.

மிச்சமே இல்லாமல் செய்துவிடலாமே என்ற யோசனைக்கும் இடம் உண்டு. ஒற்றைக்கு டி.எல்.331, இரட்டைக்கு 393 கிடைக்கும்போது நான்கு கொண்டதை ஏன் வாங்க வேண்டும்? கிடங்கில் பொருள் வகைகளைக் குறைப்பதும், மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும் விலையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகின்றன. மிஞ்சியதை எதற்காவது பயன்படுத்தலாம் என்ற ஆசை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை; கேட்கப்படாத விளக்கு ஒன்றை எரிய வைக்கும் கம்பேரட்டர், சோதிக்கப்பட வேண்டிய இன்னொரு சுற்று. ஆனால் அடுத்த பதிப்பில் தேவைப்படலாம் என்ற எண்ணம் நியாயமானது. அதற்காகக் கால்களை மிதக்க விட வேண்டியதில்லை. பூஜ்ய ஓம் மின்தடை வழியாகக் கட்டலாம், அல்லது மேற்பரப்பில் கத்தி எட்டுகிற இடத்தில் தடத்தை ஓடவிடலாம். சிப்பின் வயிற்றுக்கடியில் நேராகத் தளத்தில் இறக்கிவிட்டால்தான் பின்னால் அறுக்க முடியாது. வரைபடத்திலும் நான்காவது முக்கோணத்தை வரைந்தே ஆக வேண்டும். மென்பொருள்கள் ஒரு சிப்பைத் தனித்தனிப் பகுதிகளாக வைக்க விடுவதால், வைக்காத பகுதியின் கால்கள் பலகையில் சத்தமில்லாமல் மிதக்கும். கிகாட்டின் அண்மைப் பதிப்புகள் இதை எச்சரிக்கின்றன. எச்சரிக்கையைப் படிப்பவர்களுக்கு அது உதவும்.

மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஒளிந்திருக்கும் கம்பேரட்டர்களிடம் வந்தால், கேள்வி கம்பியிலிருந்து நிரலுக்கு இடம் மாறுகிறது. பிக்16எஃப்628ஏ-யில் மின்சாரம் வந்ததும் கம்பேரட்டர்களுக்குரிய கால்கள் அனலாக்காகவே இருக்கும். சிஎம்கான் ரெஜிஸ்டரில் 7 என்று எழுதி அவற்றை விடுவிக்காதவர், அந்தக் கால்களில் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பூஜ்யத்தையே படிப்பார். ஏடிமெகா328இல் கம்பேரட்டர் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இங்கேதான் 339இல் இல்லாத வசதி ஒன்று உண்டு: ஏசிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் ஏசிடி பிட்டை 1 ஆக்கினால் அதன் மின்சாரமே துண்டிக்கப்படும். அதற்கு முன்பு அதன் இன்டரப்டை முடக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அணைக்கும் அந்தக் கணத்திலேயே ஓர் இன்டரப்ட் எழலாம்.